பிணைத்து ஓட்டிய சோதனைகள்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் வெற்றிக் கதைகள் அதிகம் இல்லை. மென்பொருளைச் சோதிப்பவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காததை எழுதிப் பக்கத்தை நிரப்ப முடியாது. ஆகவே நான் செய்த தவறு ஒன்றை எழுதுகிறேன். அதில் எனக்கு இரண்டு பங்காளிகள் உண்டு. ஒருவர் இதைப் படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: அன்றைக்கு அவர் கையில் இருந்தது போண்டா, வடை அல்ல. திருத்திவிட்டேன்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். ஐந்து பேர், நான்கு கணினிகள். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் நான் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். அங்கே அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். பிழை கண்டுபிடிக்கிற ஆள் ஒருவர் வேண்டும் என்று சம்பத் சார் சொல்லி அனுப்பினார். என்ன மாதிரியான பிழை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சம்பத் சார்தான் நிறுவனத்தின் உரிமையாளர். சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு மென்பொருள் எழுத வந்தார். நெற்றியில் திருமண், சட்டைப் பையில் இரண்டு பேனா. தனக்குத் தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று சொல்லிவிடுவார். தெரிந்த விஷயத்தில் தவறு நேரும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

ஊரில் இருந்த ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கிக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். ரத்தம் கொடுத்தவர் யார், எந்த வகை, பை எந்த அலமாரியில் இருக்கிறது, யாருக்குப் போனது என்பதெல்லாம் அதுவரை நீளமான நோட்டுப் புத்தகங்களில் இருந்தன. அவற்றைக் கணினிக்கு மாற்ற வேண்டும். அங்கே வேலை பார்த்த பர்வீன் என்ற லேப் டெக்னீஷியன், வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், தங்கள் நடைமுறைகளை எங்களுக்கு விளக்கினார். அவற்றில் ஒன்றை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

"பரிசோதனை எல்லாம் முடிஞ்சி, நல்ல ரத்தம்னு ஷெல்ஃப்ல வெச்சிட்டோம்னு வைங்க மேடம். ரெண்டு நாள் கழிச்சி குடுத்தவரே போன் பண்ணுவாரு. 'எனக்கு நேத்துலேந்து ஜுரம், மஞ்சக் காமாலையா இருக்கும்னு டாக்டர் சொல்றாரு'ம்பாரு. அந்தப் பைய உடனே நிறுத்தி வெச்சிடணும். நாங்க செவப்புப் பென்சில்ல ஒரு சீட்டு எழுதி ஒட்டிடுவோம்."

"சீட்டு விழுந்துவிட்டால்?"

"பிரிட்ஜுல ஈரமில்லியா, விழத்தான் செய்யும். அதுக்குத்தான் உங்கள கூப்ட்டுக்கினு இருக்கோம்."

ஆக, நிறுத்திவைத்த பையை மென்பொருள் யாருக்கும் வழங்கக் கூடாது. அந்த மென்பொருளில் வேறு பெரும்பாலான தவறுகள் ஒரு திட்டு வாங்கினால் முடிந்துவிடும். இது தவறானால் யாரோ ஒருவர் உடம்பில் நோய் ஏறும்.

சோதனைகளை நான் எழுதினேன். மொத்தம் இருநூற்று நாற்பது. பொத்தானைத் தட்டினால் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாகவே ஓடும். ஒவ்வொன்றும் மென்பொருளிடம் ஒரு வேலையைக் கொடுத்து, எதிர்பார்த்த பதில் வருகிறதா என்று பார்க்கும். வந்தால் தேறியது, இல்லையென்றால் தோற்றது. நிரலில் சிறிதாக ஏதாவது மாற்றினாலும் எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட வேண்டும்.

ஓட்ட முடியவில்லை. ஒவ்வொரு சோதனையும் தொடங்குமுன் தனக்கென்று ஒரு முழு ரத்த வங்கியைக் கணினியின் நினைவகத்தில் கட்டிக்கொள்ளும்: சில ஆயிரம் கற்பனைக் கொடையாளர்கள், அவர்கள் கொடுத்த கற்பனைப் பைகள். முடிந்ததும் அதை இடித்துவிட வேண்டும். கட்டுவது முழுமையாக நடந்தது, இடிப்பது அரைகுறையாக நடந்தது. எங்கள் கணினியில் இருந்த நினைவகம் நூற்று இருபத்தெட்டு எம்.பி. இன்று நீங்கள் கைபேசியில் எடுக்கும் இரண்டு நிமிட வீடியோகூட அதற்குள் அடங்காது. தொண்ணூறாவது சோதனை வாக்கில் வன்வட்டின் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும், எரிந்தபடியே நிற்கும். சுட்டியை நகர்த்தினால் அம்பு சற்று யோசித்துவிட்டு நகரும். பிறகு நகராது. நினைவகம் போதவில்லை என்று ஒரு வரி வந்து எல்லாம் நிற்கும்.

நினைவகம் வாங்கித் தரும்படி சம்பத் சாரிடம் கேட்டேன். அடுத்த மாதம் என்றார். தேவையில்லாதவற்றை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவருடைய கணினித் திரையின் பின்னணியில் கருட வாகனத்தில் பெருமாள் படம் இருந்தது.

"இதுகூடவா மெமரியச் சாப்பிடும்?"

"கொஞ்சம் சாப்பிடும் சார்."

கன்னத்தில் போட்டுக்கொண்டு அவரே எடுத்தார். தொண்ணூற்று இரண்டாவது சோதனைவரை போனோம்.

வழியைக் கண்டுபிடித்தவன் ஜெயவேலு. பிள்ளையார்பாளையத்துப் பையன், வயது இருபத்து நான்கு. வீட்டில் இரண்டு தறி. அப்பாவும் அம்மாவும் நெய்கிறார்கள். இவன் கணினி படித்துவிட்டு எங்களிடம் நிரல் எழுத வந்திருந்தான். ஒரு மாலை, கையில் போண்டாவோடு என் மேசைக்கு வந்தான்.

"அக்கா, எங்க வூட்ல ஒரு பாவு முடிஞ்சா என்னா பண்ணுவாங்க, சொல்லு."

"அடுத்த பாவு போடுவாங்க." தறியில் நீளவாக்கில் கட்டும் இழைகளுக்குப் பாவு என்று பெயர்.

"எப்டி போடுவாங்க? நாலாயிரம் அஞ்சாயிரம் எழை. ஒவ்வொண்ணையும் தறியோட விழுதுல கோத்து, அச்சுல கோத்து, மறுபடி மொதல்லேந்தா ஆரம்பிப்பாங்க? தாவு தீந்துடும். பழைய பாவோட நுனிய தறியிலியே வுட்டுடுவாங்க. அதுல புதுப் பாவ எழைக்கு எழை பிணைச்சி, அப்டியே முன்னால இழுத்துப்பாங்க. தறிய எவனும் பிரிக்கமாட்டான்."

"அதனால?"

"நம்ம மட்டும் எதுக்கு ஒவ்வொரு டெஸ்டுக்கும் தறிய பிரிச்சிப் பிரிச்சிக் கட்டிக்கினு இருக்கோம்? ஒரே ஒரு தபா கட்டுவோம். மொத டெஸ்ட் வுட்ட எடத்துலேந்து ரெண்டாவது டெஸ்ட் ஓடட்டும். அதும் நுனியில இது."

எனக்கு அது சரி என்று பட்டது. இருநூற்று நாற்பது ரத்த வங்கிகளுக்குப் பதில் ஒன்று. மற்றவர்களிடம் சொன்னபோது அவர்களுக்கும் உடனே புரிந்தது. ஐந்து பேரில் மூன்று பேர் வீட்டில் தறி இருந்தது. விளக்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. வேறு ஊரில், வேறு ஆட்களுக்கு நடுவில், யாராவது ஒருவராவது 'அது எப்படி?' என்று கேட்டிருப்பார். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிடும் யோசனையைக் கண்டால் சற்று நில்லுங்கள். நாங்கள் நிற்கவில்லை.

இரண்டு நாளில் மாற்றினோம். சோதனைகள் முதலிலிருந்து கடைசிவரை ஓடின. நினைவகத்தில் பாதி சும்மா கிடந்தது. நாற்பது நிமிடத்தில் இருநூற்று நாற்பதும் தேறின. சம்பத் சார் பெருமாளைத் திரும்பத் திரையில் ஏற்றினார். பார்க்கிறவர்களிடமெல்லாம் ஜெயவேலுவைக் காட்டி, "தறியிலேந்து கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்திருக்கான் பாருங்கோ" என்றார். மூன்று வாரம் தினமும் இரண்டு முறை ஓட்டினோம், தினமும் எல்லாம் தேறின.

வைகாசி வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கருட சேவை. சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் கூட்டம் வரும். லாரியில், டிராக்டரில், நடந்து. நெரிசலும் வண்டி விபத்தும் இல்லாத வருடம் குறைவு. அதற்கு முன்பாகக் கணினி ஓடத் தொடங்கிவிட வேண்டும் என்று ரத்த வங்கியின் பொறுப்பில் இருந்த டாக்டரம்மா கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலை தொடக்கம் என்று முடிவாயிற்று. அதற்கு நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: எல்லாச் சோதனைகளும் தேறின, மென்பொருளைப் பயன்படுத்தலாம்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கடைசி ஓட்டம். நூற்று ஐம்பத்தெட்டாவது சோதனையில் மின்சாரம் போயிற்று. எங்கள் யு.பி.எஸ். நான்கு நிமிடம் கூவிவிட்டு அடங்கியது. பன்னிரண்டரைக்கு மின்சாரம் வந்தது. திரும்ப முதலிலிருந்து ஓட்டுவானேன் என்று ஜெயவேலு புதிதாக ஒரு ரத்த வங்கியைக் கட்டி, நூற்று ஐம்பத்தெட்டிலிருந்து தொடர்ந்தான்.

நூற்று அறுபத்து மூன்றாவது தோற்றது.

நிறுத்திவைத்த பையை வழங்கச் சொல்லிக் கேட்டால் மென்பொருள் மறுக்க வேண்டும் என்ற சோதனை அது. மூன்று வாரமாக மறுத்துக்கொண்டிருந்தது. இப்போது பை வழங்கப்பட்டது என்று காட்டியது.

"கரண்ட் போச்சில்ல அக்கா, அதான் எதுனா கொழம்பியிருக்கும்" என்றான் ஜெயவேலு.

சம்பத் சார் எட்டிப் பார்த்தார். "மொதல்லேந்து ஓட்டு."

ஓட்டினோம். நாற்பது நிமிடம் யாரும் சாப்பிடப் போகவில்லை. இருநூற்று நாற்பதும் தேறின. நூற்று அறுபத்து மூன்றும்.

"பாத்தியா? பவர் கட்" என்று சொல்லி சம்பத் சார் தாளையும் தன் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

இங்கேதான் உங்களைக் கொஞ்ச நேரம் என் நாற்காலியில் உட்காரவைக்க விரும்புகிறேன். மூன்று வாரத்தில் அந்தச் சோதனை தேறிய தடவைகளை எண்ணினால் முப்பதுக்கு மேல் வரும். தோற்றது ஒருமுறை. அதற்கும் கைவசம் ஒரு காரணம் இருக்கிறது. ஊரே ஏற்றுக்கொள்ளும் காரணம். மறுநாள் காலை தொடக்கம். எதிரே முதலாளி நின்றுகொண்டிருக்கிறார், பேனா மூடி திறந்திருக்கிறது.

நாளிதழில் ஒரு பழக்கம் எனக்கு ஏற்பட்டிருந்தது. ஒருவர் பெயர் ஒரு செய்தியில் ஒன்பது இடத்தில் ஒரு மாதிரியும் ஒரு இடத்தில் வேறு மாதிரியும் இருந்தால், ஒன்பதைச் சரி என்று வைத்துக்கொள்ளக் கூடாது. நிருபர் ஒன்பது முறை தன் ஞாபகத்திலிருந்து எழுதிவிட்டு, ஒரே ஒரு முறை அழைப்பிதழைப் பார்த்து எழுதியிருப்பார். பெரும்பான்மை எனக்கு ஆதாரமாகத் தெரிந்ததில்லை.

"நூத்தி அறுபத்து மூணை மட்டும் தனியா ஓட்டு, ஜெயவேலு" என்றேன்.

தோற்றது.

"இன்னொரு தடவை."

தோற்றது. மின்சாரம் இருந்தது, மின்விசிறி தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அண்ணாந்து அதைப் பார்த்தோம்.

தனியாக ஓட்டினால் தோற்கிறது, வரிசையில் ஓட்டினால் தேறுகிறது. அப்படியென்றால் அதற்கு முன்னால் ஓடிய ஏதோ ஒன்று அதைத் தேறவைக்கிறது. ஜெயவேலு வரிசையை முதலிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தான். எழுபத்தொன்றில் நிறுத்தினான். அதையும் நூற்று அறுபத்து மூன்றையும் அருகருகே திறந்தான்.

"அக்கா. அந்தப் பை ஏற்கெனவே வெளிய போயிடுச்சி."

விஷயம் இதுதான். எழுபத்தொன்றாவது சோதனை, ஒரு பையை எடுத்து ஒரு நோயாளிக்கு வழங்கிப் பார்க்கும். பிறகு நூற்று அறுபத்து மூன்றாவது சோதனை அதே பையை எடுத்து, நிறுத்திவைத்து, வழங்கச் சொல்லிக் கேட்கும். மென்பொருள் மறுக்கும். நிறுத்திவைத்ததால் அல்ல, அந்தப் பை முன்பே போய்விட்டதால். இல்லாத பையை யாரால் கொடுக்க முடியும்? இரண்டுக்கும் திரையில் வந்தது ஒரே வரி: இந்தப் பையை வழங்க இயலாது. மறுத்ததா என்று மட்டும் சோதனை பார்த்தது. ஏன் மறுத்தது என்று கேட்கவில்லை.

பழைய முறையில் ஒவ்வொரு சோதனைக்கும் புதிய ரத்த வங்கி என்றிருந்தபோது இது அகப்பட்டிருக்கும். ஆனால் அந்த முறையில் நாங்கள் தொண்ணூற்று இரண்டைத் தாண்டியதே இல்லை. பிணைத்த பிறகு நூற்று அறுபத்து மூன்றை எட்டினோம், எட்டும்போது பை போயிருந்தது.

நூற்று அறுபத்து மூன்றாவது சோதனையை எழுதியது நான். பிணைக்கச் சொன்னது ஜெயவேலு. மீதி இருந்தது மென்பொருளே. பை வழங்கும் பகுதியின் நிரலைத் திறந்தோம். பையை அலமாரியில் வைக்கும் நேரத்தில் அது நிறுத்திவைத்த பையா என்று மென்பொருள் பார்த்தது. எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் பார்க்கவில்லை. பர்வீன் சொன்னது நேர்மாறு: வைக்கும்போது எல்லாப் பையும் நல்ல பைதான், போன் வருவது பிறகு.

"இது யார் எழுதினது?" என்று கேட்டார் சம்பத் சார்.

ஜெயவேலு என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன். நிரலின் தலைப்பில் எழுதியவர் பெயர் இருந்தது. சம்பத் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

"சரி. நான்தான்" என்றார். "நகரு."

உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் திருத்தினார். எடுத்துக் கொடுக்கும் நேரத்திலும் பார்க்கும்படி செய்தார். நூற்று அறுபத்து மூன்றைத் தனியாக ஓட்டினோம். தேறியது. வரிசையாக ஓட்டினோம். எல்லாம் தேறின. மாலை நான்கு மணி. தாள் மறுபடி என் முன்னால் வந்தது.

"தப்பு கிடைச்சாச்சு, திருத்தியாச்சு. போடு" என்றார்.

அந்த நாளில் கடினமான இடம் இதுதான், முன்பு சொன்னது அல்ல. தவறு இருப்பது தெரிந்தால் கையெழுத்துப் போடாமல் இருப்பது சுலபம். திருத்தி முடித்தபின், எல்லோரும் களைத்திருக்கும்போது, போடாமல் இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

"சார், ஒண்ணு தப்பான காரணத்துக்காகத் தேறிட்டிருந்தது. மத்த இருநூத்து முப்பத்தொன்பதும் எதனால தேறுதுன்னு நமக்குத் தெரியுமா?"

"ஒவ்வொண்ணாப் பாத்துண்டிருந்தா எவ்வளவு நாள் ஆகும்?"

"பிணைச்சத எல்லாம் பிரிக்கணும். ரெண்டு வாரம்."

"ஞாயித்துக்கிழமை கருட சேவை, வசந்தா. ஊருக்குள்ள லட்சம் பேர் வரப்போறா. டாக்டரம்மாகிட்ட நான் என்னன்னு போய் நிப்பேன்?"

"நின்னுதான் சார் ஆகணும்."

"நீ போடலேன்னா நான் போடறேன். எனக்கில்லாத உரிமையா?"

"போடுங்க சார். பேரை மட்டும் தெளிவா எழுதுங்க. அப்புறம் யாராவது தேடும்போது படிக்கத் தெரியணும்."

நான் கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னேன். ஜெயவேலு சுவர்க் காலண்டரைப் படிக்கத் தொடங்கினான். அதில் தேதிகள் தவிர வேறொன்றும் இல்லை. சம்பத் சார் பேனாவைக் கையில் எடுத்தார். தாளை இரண்டு முறை படித்தார். அதில் மொத்தமே மூன்று வரி. பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, தாளையும் மடித்து எடுத்துக்கொண்டு, அந்த வெயிலில் ஸ்கூட்டரில் மருத்துவமனைக்குப் போனார்.

ஐந்தரை மணிக்குத் திரும்பினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க சார்?"

"தண்ணி குடுத்தா."

"அப்புறம்?"

"பழைய நோட்டையே வெச்சுக்கறேன்னா. மெட்ராஸ்ல வேற யாரோ இதே மாதிரி பண்றாளாம், விசாரிக்கறேன்னா." உட்கார்ந்தார். "தப்பு என்னன்னு கேட்டா. சொன்னேன். யார் பண்ணினதுன்னும் கேட்டா. அதையும் சொன்னேன்."

 அன்றைக்கு அந்த ஒரு மருத்துவமனைதான் எங்களுக்கு இருந்த ஒரே பெரிய வேலை.

கருட சேவை நல்லபடியாக நடந்தது. ஒரு டிராக்டர் கவிழ்ந்ததில் இருவருக்குக் கால் முறிந்தது. அவர்களுக்கான ரத்தம் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வழங்கப்பட்டது. நிறுத்திவைத்த பை என்று அந்த வாரம் ஒன்றுகூட இல்லை என்று பர்வீன் பிறகு சொன்னார். அதாவது வெள்ளிக்கிழமையே தொடங்கியிருந்தாலும் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது. இதை அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் எடுத்துச் சொல்லவும் செய்தார். அவர் சொன்னது உண்மை. என்னிடம் பதில் இல்லை. இந்த வேலையில் உங்களுக்கும் அடிக்கடி இப்படிப் பதில் இல்லாமல் போகும், பழகிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை ஜெயவேலு வந்தவுடன் பையைக்கூட வைக்கவில்லை.

"அக்கா, எங்கம்மாகிட்ட சொன்னேன்."

"என்னன்னு?"

"பாவு பிணைக்கிற மாதிரி கம்ப்யூட்டர்ல பிணைச்சேன், ஊத்திக்கிச்சின்னு. அது கேக்குது, 'பிணைச்சது சரிடா. முடிச்சி வுழுந்த எடத்த என்னா பண்ண?'ன்னு. ஒண்ணும் பண்ணலன்னேன். 'முடிச்ச முன்னால இழுத்து வுட்டுட்டு, அதத் தாண்டித்தானே புடவைய ஆரம்பிக்கணும்? அந்தத் துண்ட வெட்டி எறியணும். நீ முடிச்சோட சேத்து நெய்ஞ்சிட்டு, தறி மேல பழிய போடறியா?'ன்னுது. சோறு போடற வரைக்கும் திட்டிக்கினே இருந்திச்சி."

"நீ என்ன சொன்ன?"

"நான் இன்னாத்த சொல்றது? சாப்ட்டேன்."

அந்த அம்மாள் சொன்னதைத்தான் செய்தோம். ரத்த வங்கியை ஒரே ஒருமுறை கட்டுவது, அதை மாற்றவில்லை. ஆனால் ஒவ்வொரு சோதனையும் முடிந்தவுடன், அது செய்ததை மட்டும் நிலையாகப் பதியாமல் பழைய நிலைக்குத் திருப்பிவிடுவது. வழங்கிய பை மறுபடி அலமாரிக்கு வந்துவிடும். அடுத்த சோதனைக்கு முந்தையது நடந்ததே தெரியாது. தரவுத்தளத்தில் அதற்கு வசதி முதலிலேயே இருந்தது. கையேட்டில் இருந்தது, கையேடு அலமாரியில் இருந்தது. இப்படிச் செய்தபோது பிணைத்து ஓட்டியதைவிடவும் குறைந்த நினைவகமே செலவாயிற்று, ஏனென்றால் எந்தச் சோதனையின் எச்சமும் சேர்ந்துகொண்டே போகவில்லை. இது நிரூபணமான வாரத்தில் சம்பத் சார் மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் புது நினைவகம் வாங்கிவந்தார். அடுத்த மாதம் என்று சொல்லியிருந்தார் அல்லவா, அடுத்த மாதம் பிறந்திருந்தது.

பிரித்தபின் ஓட்டியதில் பதினொரு சோதனைகள் தோற்றன. ஒன்பதில் என் எழுத்துதான் பிழை. மீதி இரண்டில் மென்பொருளே தவறாக இருந்தது. அவற்றைத் திருத்தினோம். மறுப்பதற்கெல்லாம் ஒரே வரி என்பதை மாற்றி, ஏன் மறுக்கிறது, யார் எப்போது பதிந்தது என்பதையும் திரையில் காட்டும்படி செய்தோம். நூற்று அறுபத்து மூன்றாவது சோதனை இப்போது காரணத்தையும் படித்துப் பார்த்தது.

மூன்றாவது வாரம், ஒருநாள் கால தாமதத்துடன், தாளில் கையெழுத்துப் போட்டேன். சம்பத் சார் அதை எடுத்துக்கொண்டு மறுபடி மருத்துவமனைக்குப் போனார். மெட்ராஸ்காரர்கள் விசாரித்த கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லையாம். டாக்டரம்மா தாளைப் படித்துவிட்டு, "இந்தக் கையெழுத்து யாரோடது?" என்று கேட்டாராம். அன்றைக்குப் போடமாட்டேன் என்றவளுடையதுதான் என்று இவர் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் சரி, தொடங்கலாம் என்றாராம்.

ஆனி மாதத்தில் தொடங்கினோம். முதல் சில வாரங்களில் வந்த புகார்கள் எல்லாம் அச்சு எந்திரத்தைப் பற்றியவை. புகார் வந்தால் ஒரு பதிவேட்டில் எழுதி, எடுத்த நடவடிக்கையையும் எழுதிக் கையெழுத்திடுவது என் வேலை. ஒருநாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும், பர்வீன் தொலைபேசியில் அழைத்தார். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது.

"மேடம், உங்க சாஃப்ட்வேர் மக்கர் பண்ணுது. பி பாசிட்டிவ் ஒரு பை எடுத்திருக்கேன். ஆபரேஷனுக்கு, ஆளு வந்து கவுன்ட்டர்ல நிக்கறாரு. குடுக்க மாட்டேங்குது."

"திரையில் என்ன வந்திருக்கிறது?"

"வழங்க இயலாது, நிறுத்திவைப்புன்னு வருது. நான் எங்க நிறுத்தி வெச்சேன்? நான் இப்போதான் ட்யூட்டிக்கே வந்தேன். பையில சீட்டும் ஒண்ணும் இல்ல, நல்லா பாத்துட்டேன்."

"அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கும். அதைப் படியுங்கள்."

"சின்ன எழுத்தா இருக்குது, இருங்க." படிக்கத் தொடங்கினார். "பதிந்தது, காலை ட்யூட்டி. எட்டு மணி பத்து நிமிஷம். கொடையாளர் தொலைபேசி. மூணு நாளா காய்ச்சல்…"

படிக்கப் படிக்கக் குரல் மெதுவாகிக்கொண்டே வந்து நின்றது. கவுன்ட்டரில் யாரோ, "என்னாமா, லேட் ஆவுதே" என்பது கேட்டது.

"பர்வீன்?"

"இருக்கேன் மேடம்."

"வேறு பி பாசிட்டிவ் இருக்கிறதா?"

"இருக்குது. ரெண்டு இருக்குது." சற்றுப் பொறுத்து, "வெச்சிடறேன் மேடம்" என்றார்.

பதிவேட்டை எடுத்தேன். தேதி, நேரம் எழுதினேன். புகார் என்ற இடத்தில், 'பையை வழங்க மறுக்கிறது' என்று எழுதினேன். எடுத்த நடவடிக்கை என்ற இடத்தில், 'ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.